பக்கத்துக்கு எவ்வளவு? ஒரு பிரிண்டர் கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழுக் கணக்காளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னப்ப, "உங்க குழுவோட வெற்றிக் கதையைச் சொல்லுங்க"ன்னு சொன்னாங்க. ஆடு வளர்த்தது, மசாலாப் பொடி போட்டது, துணிப்பை தைச்சது எல்லாம் மத்தவங்க சொல்லிட்டாங்க. நான் எங்க குழு 8,650 ரூபாய் நட்டப்பட்ட கதையைச் சொல்றேன். அந்த நட்டத்துல என் பேரும் அடிபட்டுச்சு. எதுக்கு இதைச் சொல்றேன்னா, போன வருசம் மட்டும் நம்ம பக்கத்துல மூணு குழு என்கிட்ட வந்து "அக்கா, நாங்களும் ஒரு பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கோம், மூவாயிரத்துக்கே கெடைக்குது"ன்னு சொன்னாங்க. மூவாயிரத்துக்குக் கெடைக்கும். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

2018 ஜூன் மாசம். எங்க குழுவில 14 பேர். பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலை. பவர்டேபிள், செக்கிங், பிசிறு வெட்டறது. வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் போடற நேரம். 14 பேருக்கும் ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், தீர்மான நகல்னு ஆளுக்கு ஆறேழு பக்கம். ஏதாவது ஒண்ணு விட்டுப்போச்சுன்னா திரும்ப எடுக்கணும். இது இல்லாம, கம்பெனில இருந்து நின்னவங்களுக்கு பி.எஃப். பணம் எடுக்கற காகிதம், இ.எஸ்.ஐ. அட்டை, புள்ளைங்களுக்கு சாதிச் சான்று, வருமானச் சான்று. ஒவ்வொண்ணுக்கும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போகணும். வேலை முடிஞ்சு எட்டு மணிக்கு வந்தா கடை சாத்தியிருக்கும். அதனால ஒரு பிரிண்டர் வாங்கி, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருக்கற என் வீட்டுல வைக்கறதுன்னு தீர்மானம் போட்டோம். உறுப்பினருக்கு ஜெராக்ஸ் 1 ரூபாய், பிரிண்ட் 3 ரூபாய். வெளி ஆளுங்களுக்கு 2, 5. கலர்னா 10. கம்ப்யூட்டர் என் வீட்டுல இருந்துச்சு, பையன் காலேஜ் லேப்டாப்.

மிஷின் விலை 2,900. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூணும் செய்யும். கடைக்காரர் கறுப்பு ஒண்ணு, கலர் ஒண்ணுன்னு ரெண்டு கார்ட்ரிட்ஜ் உள்ளயே இருக்குன்னார். எங்களுக்கு ஒரே சந்தோசம். மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, மொதப் பக்கமா பிள்ளையார் படத்தைக் கலர்ல எடுத்தோம். அந்த ஒரு பிள்ளையார் எவ்வளவு மை குடிச்சார்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்.

ரெண்டே வாரத்துல கறுப்பு தீர்ந்துபோச்சு. புதுசு 880 ரூபாய். கலர் 1,150. சரி, வாங்கித்தானே ஆகணும்னு வாங்கினேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. நாலு மாசத்துல கறுப்பு 7, கலர் 3. பேப்பர் 3 கட்டு.

அக்டோபர் மாசக் கூட்டத்துல ரொக்கப் புத்தகத்தை வாசிச்சேன். கறுப்பு 6,160, கலர் 3,450, பேப்பர் 780. மொத்தச் செலவு 10,390. வரவு 4,640. துண்டு விழுந்தது 5,750. மிஷின் விலையையும் சேர்த்தா 8,650.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தங்க கேட்டாங்க, "மிஷினு மூவாயிரம். மைக்குப் பத்தாயிரமா? நம்பற மாதிரியா இருக்குது?" இன்னொருத்தங்க, "பில்லு எல்லாம் இருக்குதா?"ன்னு கேட்டாங்க. பில் ஏழுதான் இருந்துச்சு. மூணு இல்லை. அவசரத்துக்குப் பையனை அனுப்பி வாங்கினது. அவன் பில்லை வாங்கினானோ, வண்டில பறக்க விட்டானோ. அந்த மூணும் கறுப்பு. 2,640 ரூபாய்.

நான் எட்டு வருசமா அந்தக் குழுவுக்குக் கணக்கு எழுதறவ. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்ததில்லை. அன்னைக்கு என் முகத்தைப் பார்த்துக் கேட்டவங்க கேட்டது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். குழுப் பணம், கேட்கணும். ஆனா வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு எறங்கலை. எங்க வீட்டுக்காரர், "அதைத் தூக்கி வெளிய போடு, புத்தகத்தையும் அவங்ககிட்டயே குடுத்துரு"ன்னார்.

என்னைக் காப்பாத்துனது என் சின்னப் பையன். தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜ் எல்லாத்தையும் அவன் ரயில் பெட்டி மாதிரி அடுக்கி விளையாட ஒரு மஞ்சப்பையில போட்டு வெச்சிருந்தான். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பையை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாய்ல கொட்டினேன். மிஷினோட வந்தது 2, வாங்கினது 10. எண்ணிப் பார்த்தா 12 இருந்துச்சு.

அப்பத்தான் எங்க குழுவில பவர்டேபிள் ஓட்டற அக்கா ஒருத்தங்க, மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவங்க, ஒரு கார்ட்ரிட்ஜைக் கையில எடுத்து ஆட்டிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "சரி கண்ணு, இது ஒண்ணுக்கு எத்தனை பீஸ் வரும்? ஒரு பீஸுக்கு அடக்கம் என்ன?"

பாருங்க, நம்ம ஊர்ல ஒரு பனியனுக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, வெட்டுக் கழிவு எவ்வளவு, தையக்கூலி எவ்வளவுன்னு பைசா பைசாவாப் போட்டுத்தான் ஆர்டர் எடுப்பாங்க. கூலில பத்துப் பைசா கூட்டறதுக்குப் பேச்சுவார்த்தை நடக்கற ஊரு. அப்பேர்ப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, பத்தாம் வகுப்பு படிச்ச நான் மிஷின் விலையை மட்டும் பார்த்திருக்கேன். பீஸ் அடக்கம் பார்க்கலை.

அங்கயே உட்கார்ந்து போட்டோம். பெட்டி மேல 180 பக்கம்னு எழுதியிருக்கு. 880-ஐ 180-ஆல வகுத்தா பக்கத்துக்கு 4 ரூபாய் 89 காசு. ஆனா எங்க வரவு நோட்டுப்படி ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 130 பக்கம் சுமாராத்தான் வந்திருக்கு. அப்படின்னா மை மட்டும் 6 ரூபாய் 77 காசு. பேப்பர் 52 காசு. ஆக 7 ரூபாய் 29 காசு. அதை நாம உறுப்பினருக்கு 1 ரூபாய்க்குக் குடுத்திருக்கோம். அந்த அக்கா சிரிச்சுட்டாங்க. "அப்ப நான் ஒவ்வொரு தடவை ஆதார் எடுத்தப்பவும் குழு எனக்கு ஆறு ரூபா குடுத்திருக்குது!"

பணம் எங்க போச்சுன்னு எல்லாருக்கும் வெளங்கிருச்சு. ஆனாலும் பில் இல்லாத செலவைக் குழு ஏத்துக்கறதில்லைன்னு எங்க விதி. அந்த விதியை எழுதினதே நான்தான். அந்த 2,640-ஐ மாசம் 220 வீதம் 12 மாசத்துல நான் கட்டினேன். கட்டும்போது கொஞ்சம் வலிச்சதுங்க. இப்பவும் அதை நெனச்சா ஒரு மாதிரி இருக்கும். இருந்தாலும் விதியைத் தளர்த்தச் சொல்லி நான் கேக்கலை.

இனி, அந்த மை ஏன் அந்த வெலைன்னு பார்ப்போம். அந்தக் கறுப்புக் கார்ட்ரிட்ஜுல இருந்த மை 8 மில்லி. 880 ரூபாய்க்கு 8 மில்லின்னா ஒரு மில்லி 110 ரூபாய். ஒரு லிட்டர் 1,10,000 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு பெருமூச்சு விடறோம். இந்த மை ஒரு லிட்டர் காசுல ஒரு புது ஸ்கூட்டியே வாங்கிரலாம்.

மிஷினைக் கம்மி வெலைக்குக் குடுத்துட்டு, அதுக்குப் போடற தீனில காசு பார்க்கறது ரொம்பப் பழைய வியாபாரம். சவரக் கத்திப் பிடியைச் சல்லிசா வித்துட்டு பிளேடுல சம்பாதிக்கறதுன்னு உதாரணம் சொல்வாங்க. நமக்குப் புரியற மாதிரி சொல்றேன். நம்ம தையல் மிஷின் இருக்கு. ஜூக்கி மிஷினுக்கு ஆர்கன் ஊசி போடறோம், குரோஸ் பெக்கர்ட் ஊசி போடறோம். சைஸ் சரியா இருந்தா ஓடுது. "இது எங்க கம்பெனி ஊசி இல்லை, நான் தைக்கமாட்டேன்"னு மிஷின் சொல்றதில்லை. பிரிண்டர் சொல்லுது! கார்ட்ரிட்ஜுல ஒரு சின்ன சிப் இருக்கும். மிஷின் அதைப் படிச்சுப் பார்த்து, தன் ஆளா இல்லையான்னு முடிவு பண்ணும். 2016 செப்டம்பர் மாசம் எச்.பி. கம்பெனி பிரிண்டர்கள்ல பல, நேத்து வரைக்கும் ஏத்துக்கிட்ட வேற கம்பெனி கார்ட்ரிட்ஜை திடீர்னு ஒரு நாள் ஏத்துக்கமாட்டேன்னு நின்னுபோச்சு. பெரிய சத்தம் வந்ததும், கம்பெனி வருத்தம் தெரிவிச்சு, அதை நீக்கறதுக்கு வழி குடுத்தது.

இந்தச் சிப் எவ்வளவு அவசியம்னு 2022 ஜனவரியில தெரிஞ்சுபோச்சு. கொரோனாவுக்கு அப்புறம் உலகம் பூரா சிப் தட்டுப்பாடு. கேனான் கம்பெனிக்கே தன் ஆபீஸ் மிஷின் டோனருக்குப் போடச் சிப் கெடைக்கலை. சிப் இல்லாமலே அனுப்பிட்டு, ஜெர்மனியில இருக்கற வாடிக்கையாளருக்கு, "எச்சரிக்கை வரும், இந்தப் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போங்க, அச்சு நல்லாவே வரும்"னு கம்பெனியே எழுதிச் சொன்னது.

அமெரிக்காவுல இதுக்குக் கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. மேற்கு வர்ஜீனியாவுல இம்ப்ரஷன் ப்ராடக்ட்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி. காலியான லெக்ஸ்மார்க் டோனரை வாங்கி, தூள் நிரப்பி விக்கறவங்க மேல லெக்ஸ்மார்க் வழக்குப் போட்டது. 2017 மே 30-ஆம் தேதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை வித்ததுக்கு அப்புறம் காப்புரிமையைக் காட்டி அதைத் தடுக்க முடியாதுன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. அது அவங்க ஊர்ச் சட்டம், நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனா காசு குடுத்து வாங்கின டப்பா யாருக்குச் சொந்தம்ங்கற கேள்வி எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.

நாங்களும் ரீஃபில் பண்ணிப் பார்த்தோம். தடவைக்கு 150 ரூபாய். மொத ரெண்டு தடவை நல்லா வந்தது. மூணாவது தடவை கலர்ல நீலமும் சிவப்பும் கலந்து, ஒரு பொண்ணோட ஜாதகப் போட்டோ ஊதாக் கலர்ல வந்துருச்சு. அவங்கம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ரீஃபில் தப்புன்னு சொல்லமாட்டேன். சுத்தமாக் காயறதுக்கு முன்னாடி நிரப்பினா ரெண்டு மூணு தடவை தாங்கும். அந்த மாதிரிச் சின்னக் கார்ட்ரிட்ஜுல மை தெளிக்கற ஹெட் கார்ட்ரிட்ஜோடவே இருக்கும். மை இல்லாமயே ஓட்டினா அது கருகிப்போகும். கருகினதுக்கு அப்புறம் எவ்வளவு நிரப்பினாலும் கோடு கோடாத்தான் வரும்.

பெட்டில 180-ன்னு போட்டு 130 ஏன் வந்ததுன்னு கேப்பீங்க. அந்த 180 பொய் இல்லை. ஐ.எஸ்.ஓ. 24711-ன்னு ஒரு சர்வதேச முறை இருக்கு. அதுக்குன்னு வெச்சிருக்கற மாதிரிப் பக்கங்களை, நிறுத்தாம வரிசையா அடிச்சு எண்ணறாங்க. நாம அப்படியா அடிக்கறோம்? காலையில ஒண்ணு, பொழுதோட ரெண்டு. ஒவ்வொரு தடவை மிஷினை எழுப்பும்போதும் அது தன் மூக்கைச் சிந்தற மாதிரி கொஞ்சம் மையைத் துப்பித் துளைகளைச் சுத்தம் பண்ணிக்கும். அந்த மை பேப்பருக்கு வராது, அடியில இருக்கற பஞ்சுத் திண்டுக்குப் போகும்.

இன்னொரு பெரிய திருடன் இருக்கான், அதை நான் கண்டுபிடிக்க ஒரு வருசம் ஆச்சு. நம்ம ஆளுங்க ஆதாரைப் போன்ல போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புவாங்க. கண்ணுக்கு வெள்ளைப் பேப்பர் மாதிரி தெரியும். ஆனா அந்தப் பின்பக்கம் பூரா லேசான சாம்பல் நிறம். மிஷினுக்கு அது வெள்ளை இல்லை, பக்கம் முழுக்கச் சாம்பல் பூசணும். ஒரு பக்கம் எழுத்துக்கு ஆகற மையைப் போல பல மடங்கு அதுக்கே போயிரும். இப்ப நான் எதையும் அப்படியே அடிக்கறதில்லை. போன்லயே ஸ்கேன் பண்ற ஆப்ல போட்டு, பின்பக்கத்தை வெளுத்துட்டுத்தான் அடிக்கறேன். கறுப்பு எழுத்துக்கு "கறுப்பு மட்டும்"னு அமைப்புல தேர்ந்தெடுத்துடறேன். இல்லைன்னா சில மிஷின் மூணு கலரையும் கலந்து கறுப்பு உண்டாக்கிக்கிட்டு இருக்கும்.

சரி, டேங்க் பிரிண்டருக்கு வர்றேன். இது எப்படி வந்ததுங்கறது எனக்குப் பிடிச்ச கதை. இந்தோனேசியாவுல சின்னச் சின்னக் கடைக்காரங்க, கார்ட்ரிட்ஜ் வெலை கட்டுப்படி ஆகாம, மிஷினுக்கு வெளியில பாட்டில் மாதிரி தொட்டி வெச்சு, குழாய் போட்டு மை விட்டு ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கம்பெனியால தடுக்க முடியலை. கடைசில எப்சன் கம்பெனியே 2010-ல அந்த ஊர்லதான் மொதமொதல்ல தொட்டி வெச்ச பிரிண்டரை வித்தது. மிஷின் வெலை கூட, மை வெலை கம்மி. அப்புறம் மத்த கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தாங்க. அதாவது இந்த மிஷின் உண்டானதே நம்மள மாதிரி கட்டுப்படி ஆகாத ஆளுங்களாலதான்.

2019 ஜனவரியில அப்படி ஒண்ணு வாங்கலாம்னு நான் சொன்னப்ப, குழுவில ஒருத்தர்கூட கை தூக்கலை. சூடு கண்ட பூனை. அதனால என் பேர்ல உள்கடன் 11,500 வாங்கினேன். நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, 20 மாசத் தவணை. நட்டம் வந்தா எனக்கு. பழைய 220-உம் ஒரு பக்கம் கட்டிக்கிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் என்கிட்டப் பேசலை.

இந்தத் தடவை வாங்கறதுக்கு முன்னாடியே பீஸ் அடக்கம் போட்டேன். கறுப்பு மை பாட்டில் 65 மில்லி, நான் வாங்கினப்ப 340 ரூபாய். பெட்டில 4,500 பக்கம். எனக்கு வந்தது 3,300. பக்கத்துக்குப் பத்துக் காசுன்னு வைங்க. இங்கதான் நெறையப் பேர் தப்புப் பண்றாங்க. "பத்துக் காசுதான், மீதி எல்லாம் லாபம்"னு குதிக்கறாங்க. பேப்பர் 52 காசு இருக்கு. மிஷின் தேய்மானம் இருக்கு. 11,500 ரூபாய் மிஷின் 30,000 பக்கம் ஓடும்னு வெச்சா பக்கத்துக்கு 38 காசு. ஆக ஒரு ரூபாய் அடக்கம். மை பத்துக் காசு, அடக்கம் ஒரு ரூபாய். இதை நோட்டுல எழுதி ஒட்டிக்குங்க.

இன்னொரு கணக்கும் போடணும். பழைய மிஷினுக்கும் புது மிஷினுக்கும் வெலை வித்தியாசம் 8,600. பக்கத்துக்கு மிச்சமாகறது 6 ரூபாய் 67 காசு. அப்படின்னா 1,290 பக்கம் அடிச்சதும் வித்தியாசம் தீர்ந்துரும். எங்களுக்கு மாசம் முன்னூறு நானூறு பக்கம் ஓடும், நாலு மாசத்துல தீர்ந்துருச்சு. ஆனா மாசத்துக்குப் பத்துப் பக்கம்தான் அடிப்பீங்கன்னா? 129 மாசம், பத்து வருசத்துக்கு மேல. அவ்வளவு நாள் மிஷின் இருக்காது. அப்படிப்பட்டவங்களுக்கு நான் சொல்றது, பிரிண்டரே வேண்டாம். கடைக்கே போங்க. ரெண்டு ரூபாயோ அஞ்சு ரூபாயோ குடுத்துட்டு வாங்க. வீட்டுக்கு வீடு பிரிண்டர் தேவையில்லை. என்கிட்டக் கேட்டு வந்த மூணு குழுவில ரெண்டு குழுவுக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வெறும் கறுப்பு எழுத்து மட்டும், அதுவும் எப்பவோ ஒரு தடவைதான்னா லேசர் மிஷின் பாருங்க. அதுல தூள், காயாது. அதுக்கும் டோனர் வெலை கேக்காம வாங்காதீங்க.

டேங்க் மிஷின் வாங்கினவங்களுக்கு நாலு விசயம். மொதத் தடவை ஊத்தற மைல கொஞ்சம் குழாயை நிரப்பவே போயிரும், அதனால மொதப் பாட்டில் சீக்கிரம் தீர்ந்தாப் பயப்பட வேண்டாம். பாட்டில் வாங்கும்போது மிஷினுக்கு உரிய மை எண்ணைப் பார்த்து வாங்குங்க. சல்லிசுன்னு எதையாவது ஊத்தினா ஹெட் அடைச்சுக்கும். டேங்க் மிஷின்ல ஹெட் மிஷினோடது, மாத்தப் போனா பாதி மிஷின் வெலை கேப்பாங்க.

அடுத்தது சுவிட்ச். நாம தையல் மிஷினை நிறுத்தற மாதிரி சுவத்துச் சுவிட்சைத் தட்டிட்டுப் போயிடறோம். பிரிண்டரை அப்படிச் செய்யக்கூடாது. மிஷின்ல இருக்கற பொத்தானை அழுத்தினாத்தான் ஹெட் தன் மூலைக்குப் போய் மூடி போட்டுக்கும். பாதில கரண்டைப் பிடுங்கினா மூடாமயே நிக்கும், மை காஞ்சுரும். எனக்கு அது நடந்திருக்கு. அம்மா வீட்டுக்குப் போய் மூணு வாரம் இருந்துட்டு வந்தேன், மஞ்சளும் நீலமும் வரவே இல்லை. மூணு தடவை சுத்தம் பண்ணினதுல கால் தொட்டி மை போச்சு. இப்ப வேலை இருந்தாலும் இல்லைன்னாலும் வெள்ளிக்கிழமை ஒரு கலர்ப் பக்கம் அடிச்சுடறேன். அந்தத் துப்பின மை சேர்ற திண்டு நிறைஞ்சாலும் மிஷின் நின்னுரும். அது ரிப்பேர் இல்லை, திண்டு மாத்தினா ஓடும். மிஷின் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

அப்புறம் நம்ம ஊருக்குன்னே ஒரு தொல்லை, பஞ்சு. வீட்டுல ஓவர்லாக் ஓடுதுன்னா அந்த அறையில பிரிண்டரை வைக்காதீங்க. பஞ்சுத் தூசி பேப்பர் இழுக்கற உருளையில ஒட்டிக்கிட்டு, ரெண்டு மூணு பேப்பரா இழுக்கும். வேலை முடிஞ்சதும் ஒரு துணியைப் போட்டு மூடுங்க. காதர்பேட்டை செகண்ட்ஸ்ல வாங்கின ஒரு பெரிய டி-சர்ட்டைத்தான் நான் என் பிரிண்டருக்கு மாட்டி வெச்சிருக்கேன். சரியா இருக்கு.

டி-சர்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. இதே டேங்க் பிரிண்டர்ல வேற மை ஊத்தி பனியன்ல படம் அடிக்கலாம், நல்ல காசுன்னு வீடியோ பார்த்துட்டு நம்ம தங்கச்சிங்க சிலர் கேக்கறாங்க. அது சப்ளிமேஷன். பேப்பர்ல அடிச்சு, சூடு பிரஸ்ல வெச்சுத் துணிக்கு மாத்தறது. அது பாலியஸ்டர்லதான் பிடிக்கும், அதுவும் வெள்ளை, வெளிர் நிறத்துல. நம்ம காட்டன் பனியன்ல பிடிக்காது, ரெண்டு சலவைல போயிரும். அந்த மை ஊத்தின மிஷின்ல அப்புறம் ஆதார் அடிக்க முடியாது, அதுக்குன்னு தனி மிஷின் வேணும். செய்யறதா இருந்தா, மொதல்ல யார் வாங்குவாங்கன்னு ஆர்டரைக் கையில வெச்சுக்கிட்டுச் செய்யுங்க.

2020 மார்ச்சுல ஊரடங்கு வந்துச்சு. கம்பெனி எல்லாம் மூடிட்டாங்க. ஜெராக்ஸ் கடையும் இல்லை. கொஞ்ச நாள்ல வாட்ஸப்ல பாடம் வர ஆரம்பிச்சது. ஒரு வீட்டுல ஒரே போன், அதை அப்பா எடுத்துட்டுப் போயிடுவார், புள்ளை எதைப் பார்த்து எழுதும்? எங்க தெருவுல 20 புள்ளைங்களுக்கு நான் பாடத்தை அடக்க விலைக்கே, ஒரு ரூபாய்க்கே அடிச்சுக் குடுத்தேன். காசு இல்லாதவங்களுக்கு நோட்டுல எழுதிக்கிட்டேன். அப்புறம் எல்லாரும் குடுத்துட்டாங்க, ஒரே ஒரு வீட்டைத் தவிர. அவங்க ஊரைவிட்டே போயிட்டாங்க, வடக்க இருந்து வந்த குடும்பம். பழைய மிஷினா இருந்திருந்தா பக்கத்துக்கு ஏழு ரூபாய் எங்கிருந்து குடுத்திருப்பேன்? அந்தச் செப்டம்பர்ல என் 20-ஆவது தவணையைக் கட்டி முடிச்சேன். "பில்லு இருக்குதா"ன்னு அன்னைக்குக் கேட்டவங்களே கடன் பேரேட்டுல கணக்கு முடிஞ்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. இப்ப அவங்கதான் எங்க குழுவோட பிரதிநிதி. எந்தச் செலவுக்கும் பில் கேப்பாங்க. கேக்கட்டும்.

காலி கார்ட்ரிட்ஜையும் பழைய பிரிண்டரையும் குப்பையில போடாதீங்க, ஓடையில எறியாதீங்க. நொய்யலுக்கு இதுவரைக்கும் நாம குடுத்த கலரே போதும். மின்னணுக் கழிவு விதிகள்ல பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் வருது, அதுக்குன்னு சேகரிக்கற இடத்துல குடுங்க. வாங்கின பொருள்ல ஏமாத்திட்டாங்கன்னு பட்டா, பில்லைக் கையில வெச்சுக்கிட்டு 1915-க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லைக் கையில வெச்சுக்கிட்டு. அதை நான் சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த மஞ்சப்பையையும் 12 கார்ட்ரிட்ஜையும் இன்னைக்குக் கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி மேசையில உட்கார்ந்திருப்பேன். எந்தக் குழுவாவது பிரிண்டர் வாங்கத் தீர்மானம் போட்டிருந்தா, மிஷின் வெலை, மைப் பாட்டில் இல்ல கார்ட்ரிட்ஜ் வெலை, பெட்டில போட்டிருக்கற பக்கம், மாசம் எத்தனை பக்கம் அடிப்பீங்க, இந்த நாலையும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக்கிட்டு வாங்க. பக்கத்துக்கு எவ்வளவுன்னு உங்க எதிர்லயே போட்டுத் தர்றேன். கால்குலேட்டரும் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.